நம் பள்ளிக்கு ரசாயன ஆசிரியர் எங்கே?

"கூலிக்காரன் பிள்ளைக்கு ரசாயனம் எதற்கு? நாலெழுத்துக் கற்றுக்கொண்டால் போதாதா?"

இப்படிப் பேசிய பெரிய மனிதர்களை நம் கிராமங்கள் நன்றாக அறியும். முன்பு வாய்விட்டுச் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொன்னால் ஓட்டுப் போகும். ஆகவே சொல்வதில்லை, செய்து காட்டுகிறார்கள். ரசாயன ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் விடுகிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பூட்டுப் போடுகிறார்கள். ஆசிரியராக வேண்டும் என்று பட்டமும் பயிற்சியும் முடித்து வந்த ஏழை வீட்டுப் பிள்ளையைத் தேர்வு மேல் தேர்வு என்று அலைய விடுகிறார்கள். பேச்சு மாறியிருக்கிறது, எண்ணம் மாறவில்லை.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களையும் விவசாயத் தொழிலாளர்களையும் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. ரசாயன ஆசிரியர் பிரச்னையைப் 'படித்தவர்களின் வேலைப் பிரச்னை' என்று ஒதுக்கிவிடாதீர்கள். கூலிப் பிரச்னை எப்படி நம்முடையதோ, குடிமனைப் பிரச்னை எப்படி நம்முடையதோ, அப்படியே இதுவும் நம்முடையதுதான். ஏன் என்று பார்ப்போம்.

நம்மைச் சுற்றிலும் ரசாயனம்

புதிய பாடப் புத்தகங்கள் இந்தப் படிப்பை வேதியியல் என்று அழைக்கின்றன. நம் மக்கள் ரசாயனம் என்கிறார்கள். பிள்ளைகள் கெமிஸ்ட்ரி என்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன? அதன் நடுவில்தான் நாம் பிழைக்கிறோம்.

நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றில் சுண்ணாம்புப் பாலை விட்டு, கந்தகப் புகையைச் செலுத்தி, அழுக்கைத் தனியே பிரிக்கிறார்களே, அது ரசாயனம். கடைசியில் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து எரிசாராயம் வடிப்பது ரசாயனம். வயலில் போடும் யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று அச்சிட்டிருப்பது ரசாயனம். பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறம் இருக்கும். சிவப்பு இருந்தால் கடும் விஷம் என்று பொருள். முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு வரப்பில் நடக்கிற தோழர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? மருந்தை விற்றவன் சொன்னானா? நிலச் சொந்தக்காரன் சொன்னானா?

கடலூர் சிப்காட்டைப் பாருங்கள். அங்கே சாயம், மருந்து, பூச்சிமருந்து, பிளாஸ்டிக் என்று ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. 2021 மே 13-ந் தேதி அங்கே ஒரு பூச்சிமருந்து ஆலையில் வெடி விபத்து நேர்ந்து நான்கு பேர் மாண்டார்கள். காற்றில் எந்த வாயு கலந்தது, அதற்கு ஈரத் துணியை மூக்கில் கட்டுவது பலன் தருமா, காற்று வீசும் திசைக்கு எதிராக ஓடுவதா, குறுக்காக ஓடுவதா என்பதெல்லாம் ஆலைக்குள் இருப்பவர்களுக்கும் சுற்றியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர் மக்களுக்கும் தெரிந்தே ஆகவேண்டிய விஷயங்கள். அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. சிப்காட் பகுதி மக்கள் தாங்களே பயிற்சி பெற்று, நாற்றம் அடிக்கும் நேரத்தைக் குறித்துவைத்து, வாளி போன்ற எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பி, அதில் கலந்திருந்த நச்சுப் பொருள்களைப் பட்டியலிட்டு 2004-ல் அறிக்கை வெளியிட்டார்கள். மீனவரும் விவசாயியும் கூலித் தொழிலாளியும் ரசாயனம் கற்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அதுவே பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் நமக்குப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். அதில் கலந்திருந்தது மெத்தனால். போதை தரும் எத்தனாலில் இரண்டு கரி அணுக்கள், மெத்தனாலில் ஒன்று. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டும் பார்வைக்குத் தண்ணீர் போல இருக்கும். ஆனால் மெத்தனால் உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண்ணைப் பறிக்கிறது, பிறகு உயிரைப் பறிக்கிறது. அறியாமையால்தான் அவர்கள் செத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. விஷத்தை விற்றவனும், கண்டும் காணாமல் இருந்தவனும்தான் குற்றவாளிகள். ஆனால் கண் மங்கியது என்றால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு தெருவிலும் இருந்திருந்தால் சில தாலிகளாவது தப்பியிருக்கும் அல்லவா?

முதலாளியிடம் ரசாயனம் படித்தவர் சம்பளத்துக்கு இருக்கிறார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இருக்கிறார். தொழிலாளியின் பக்கத்தில் நின்று, அவன் பிள்ளை மூலமாக அவன் வீட்டுக்குள்ளேயே ரசாயனத்தைக் கொண்டு சேர்க்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் பள்ளிக்கூடத்து ரசாயன ஆசிரியர்.

நெசவாளி மகனும் உபாத்தியாயர் மகனும்

ரசாயனம் மேல்தட்டு மூளைக்கு உரியது என்பது சுத்தப் பொய். பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை, ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி எடை உண்டு என்று விஞ்ஞான முறைப்படி நிலைநாட்டி 1808-ல் நூல் வெளியிட்ட ஜான் டால்டன் யார்? இங்கிலாந்தின் கிராமமொன்றில் கைத்தறி நெசவாளிக்குப் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். வாழ்நாள் முழுவதும் பாடம் சொல்லிக் கொடுத்தே வயிறு வளர்த்தவர்.

தனிமங்களை வரிசைப்படுத்தி ஆவர்த்தன அட்டவணை தந்த ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் யார்? சைபீரியாவின் டொபோல்ஸ்க் நகரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். தந்தை கண்பார்வை இழந்து வேலையை விட்டபோது, தாய் கண்ணாடித் தொழிற்சாலை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தத் தொழிற்சாலையும் தீயில் அழிந்த பிறகு, கடைசிப் பிள்ளையைப் படிக்கவைக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து பீட்டர்ஸ்பர்க் கொண்டுபோய்ச் சேர்த்தார். மெண்டலீவ் அங்கே படித்தது ஆசிரியர் பயிற்சி நிலையத்தில். படித்து முடித்துப் பள்ளிக்கூட ஆசிரியராகவும் வேலை பார்த்தார். பிறகு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடப் புத்தகம் எழுத உட்கார்ந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களை மாணவனுக்குப் புரியும்படி எப்படி ஒழுங்குபடுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டதில்தான் 1869-ல் அந்த அட்டவணை பிறந்தது. தோழர்களே, கவனியுங்கள்: ரசாயனத்தின் அடித்தளமான அட்டவணை, பாடம் நடத்த வேண்டிய ஓர் ஆசிரியரின் தேவையிலிருந்து வந்தது!

அதே அட்டவணைக்கு நம் நாட்டில் நேர்ந்த கதியையும் கேளுங்கள். மத்திய சர்க்காரின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்று 2022-ல் அறிவித்து, பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து ஆவர்த்தன அட்டவணைப் பாடத்தையே எடுத்துவிட்டது. பரிணாமப் பாடத்தையும் எடுத்தது. பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொள்ளலாமே என்று சமாதானம் சொன்னார்கள். பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போகிற பிள்ளை யாருடைய பிள்ளை? அதிகாரியின் பிள்ளையா? ஆலை முதலாளியின் பிள்ளையா? பதினொன்றுக்குத் தள்ளுகிற ஒவ்வொரு பாடமும் நம் பிள்ளைகளிடமிருந்து பறிக்கிற பாடம். தமிழ்நாட்டு விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் நாடெங்கும் உள்ளவர்களோடு சேர்ந்து இதைக் கண்டித்தார்கள். நாமும் கண்டிக்கிறோம்.

சிதம்பரம் சொல்லும் பாடம்

படிப்பு என்பது இந்த மண்ணில் யாரும் தானமாகத் தூக்கிக் கொடுத்தது அல்ல. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவனின் பெயரைக் கல்விக்கூடத்தின் வாசலில் எழுதிவைத்தார். சேரிப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னாவே அதிகம் என்று பண்ணையார்கள் நினைத்த காலம் அது.

அதே ஊரில் 1920-ல் மீனாட்சி கல்லூரியும் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எழுந்தன. செட்டிநாட்டு அரசர் கொடுத்தார் என்று கல்வெட்டுச் சொல்கிறது. கல்லூரி கட்டியதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் செல்வம் வானத்திலிருந்து கொட்டியதா? நகரத்தார் செல்வத்தின் பெரும்பகுதி பர்மாவின் நெல்வயல்களில் வட்டியாக விளைந்தது. அந்த வட்டியைக் கட்டியவன் உழவன். ஆகவே அந்தக் கட்டடங்களில் உழைப்பாளிக்கும் உரிமை உண்டு என்று நாம் சொல்கிறோம்.

நிதி நெருக்கடியும் நிர்வாகக் குளறுபடியும் முற்றியபோது, 2013-ல் தனிச் சட்டம் இயற்றி மாநில சர்க்கார் பல்கலைக்கழகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. பிறகு 'உபரி' என்று பெயரிட்டு ஏராளமான ஆசிரியர்களை மாநிலமெங்கும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். ஆனால் சர்க்கார் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடுமா? அதே வளாகத்து மருத்துவ மாணவர்களைக் கேளுங்கள். சர்க்கார் பல்கலைக்கழகத்தில் தனியார் கட்டணமா என்று 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் அவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். விடுதியை மூடிப் பார்த்தார்கள், அவர்கள் அசையவில்லை. இறுதியில் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக்கப்பட்டது, கட்டணம் குறைந்தது. போராடியவர்கள் பெற்றார்கள். நமக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

தமிழில் ரசாயனம் வராது என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் இருந்த டாக்டர் கிறீன் 1875-லேயே 'கெமிஸ்தம்' என்ற பெயரில் ரசாயன நூலைத் தமிழில் கொண்டுவந்தார். நம் இயக்கத்தின் முன்னோடி சிங்காரவேலர் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் புரியும்படி விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழில் எழுதிக் குவித்தார். வராதது தமிழில் அல்ல, அவர்களுடைய மனத்தில்தான்.

ஏழாண்டுப் பாதை

இனி, நம் வீட்டுப் பெண் ஒருத்தி ரசாயன ஆசிரியையாக வேண்டும் என்று புறப்பட்டால் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுவோம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியிலோ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ பி.எஸ்ஸி. ரசாயனம் சேர்கிறாள். மூன்று வருஷம். மேல்நிலை வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டுமானால் எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம். அதன்மேல் பி.எட். ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பை 2015 முதல் இரண்டாண்டாக்கினார்கள். ஆக மொத்தம் ஏழு வருஷம். இந்த ஏழு வருஷமும் தாய் நாற்று நட்டும் களை பறித்தும் அண்ணன் மூட்டை தூக்கியும் பஸ் கட்டணம், விடுதிக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, வெள்ளைக் கோட்டு என்று கட்டியாக வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த உதவி முதல் பட்டத்துக்கானது. ஆசிரியையாகும் பாதையோ அதற்கு அப்பாலும் நீள்கிறது.

பி.எட். எங்கே படிப்பது? தமிழ்நாடு முழுவதற்கும் சர்க்கார் நேரடியாக நடத்தும் கல்வியியல் கல்லூரிகள் ஏழு. தனியார் கல்லூரிகளோ நூற்றுக்கணக்கில் முளைத்திருக்கின்றன. கடலூர் மாவட்டத்தில் அந்த ஏழில் ஒன்றுகூட இல்லை. ஆகவே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் இடம் கிடைக்காதவள் பெரும்பாலும் தனியார் கல்லூரியிடம் போகிறாள். தாயின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

சரி, படித்தாயிற்று. வேலை கிடைத்ததா? 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு என்ற சுவர் எழுந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பட்டதாரிகளுக்கான அந்தத் தேர்வின் 150 கேள்விகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சேர்த்து 60. பல்கலைக்கழகத்தில் வருஷக் கணக்காக ரசாயனம் படித்தவரின் ரசாயன அறிவு அதில் ஒரு மூலையில் ஒடுங்கிவிடுகிறது. அதையும் தாண்டித் தேறியவர்களுக்கு வேலை உறுதியா? இல்லை. முதலில் பழைய மதிப்பெண்களை எல்லாம் கூட்டிக் கழிக்கும் 'வெயிட்டேஜ்' முறை. 2018-ல் அதை ரத்து செய்து, தகுதித் தேர்வில் தேறியவர்கள் மறுபடியும் ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று ஆணை போட்டார்கள். பட்டதாரி ஆசிரியர்களுக்கான அந்தப் போட்டித் தேர்வு எப்போது நடந்தது? 2024 பிப்ரவரி 4-ந் தேதி! 2,222 இடங்களுக்கு என்று முந்தின அக்டோபரில் அறிவித்து நடத்தினார்கள். 2013-ல் தகுதித் தேர்வில் தேறிவிட்டு வேலைக்குக் காத்திருந்தவருக்கு இதற்குள் பத்து வருஷம் ஓடிவிட்டது. தலை நரைத்துவிட்டது. பலர் ஜவுளிக் கடையிலும் செல்போன் கடையிலும் நின்றார்கள். பலர் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு மாட்டிக்கொண்டார்கள்.

ஆசிரியரும் பதிலித் தொழிலாளியும்

ஆசிரியர்கள் தேவைப்படவில்லையா? அப்படியென்றால் 2022 ஜூலையில் சர்க்கார் எதற்காக 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னது? அதில் பட்டதாரி ஆசிரியர்கள் 5,154. முதுகலை ஆசிரியர்கள் 3,188. இடம் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, படித்தவர் இருக்கிறார். இல்லாதது நிரந்தர உத்தரவு மட்டும். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று அப்போது நிர்ணயித்தார்கள். பின்னால் சிறிது உயர்த்தினார்கள். நிரந்தர முதுகலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமோ 36,900. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே உழைப்பு; சம்பளம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

மில் தொழிலாளத் தோழர்களுக்கு இது புதிய கதையா? வாசலில் பதிலித் தொழிலாளர்களை நிறுத்திவைத்து, உள்ளே இருக்கிறவனின் கூலியை அமுக்குகிற தந்திரத்தை நீங்கள் பார்த்தவர்கள். நூற்பு மில்லில் பதிலி என்றார்கள், ஆலையில் கான்ட்ராக்ட் என்றார்கள், பள்ளிக்கூடத்தில் 'தற்காலிகம்' என்கிறார்கள், கல்லூரியில் 'கௌரவ விரிவுரையாளர்' என்று கௌரவத்தை மட்டும் கொடுக்கிறார்கள். பெயர் நான்கு, சுரண்டல் ஒன்று. வேலைக்கு ஆயிரம் பேர் வெளியே நிற்கிறார்கள் என்ற தைரியத்தில்தான் தனியார் பள்ளி முதலாளியும் பட்டதாரியைக் கட்டட வேலைக் கூலியைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறான்.

இதில் நஷ்டம் ஆசிரியருக்கு மட்டுமா? வருஷத்தின் நடுவில் வந்து வருஷக் கடைசியில் போகிற ஆசிரியர் எந்தப் பிள்ளையை எவ்வளவு அறிய முடியும்? ரசாயன ஆசிரியரே இல்லாத பள்ளியில் தாவரவியல் படித்தவர் புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போகிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. செய்முறைத் தேர்வு வருகிறது. கொஞ்சம் அமிலம், கொஞ்சம் காரம், எழுதிவைத்த விடை. லிட்மஸ் தாள் தன் கண்முன்னே நீலத்திலிருந்து சிவப்பாக மாறுவதைப் பார்க்காமலே பிள்ளை ரசாயனத்தில் 'பாஸ்' ஆகிறது.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

"கஜானாவில் பணம் இல்லை" என்கிறார்கள். 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. இதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சொன்னவர்களும் அவர்களேதான். முதலாளிக்கு விட்டுக்கொடுக்கப் பணம் உண்டு. நம் பள்ளிக்கு இல்லையாம். அதோடு நின்றார்களா? பிரதமர் பெயரிலான பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று, தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் தரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய்ப் பள்ளிக் கல்வி நிதியையும் நிறுத்திவைத்தார்கள். மாநில சர்க்கார் இதைக் கண்டித்தது நியாயம்தான். ஆனால் டில்லியின் அநியாயத்தைக் காட்டி, காலியிடங்களை நிரப்பாமல் இருப்பதை மாநில சர்க்காரும் நியாயப்படுத்த முடியாது.

"தகுதி வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும். நம் பிள்ளைக்கு அரைகுறை ஆசிரியர் போதும் என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். நல்ல பயிற்சி கொடு, நேர்மையாகத் தேர்வு நடத்து, ஆண்டுதோறும் நடத்து, தேறியவருக்கு வேலை கொடு. தேர்வு என்பது ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலை கொடுக்காமல் தட்டிக்கழிக்கும் கருவியாகக் கூடாது.

"இப்போது எல்லாம் திரையில் காட்டிவிடலாம்" என்கிறார்கள். திரை நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் அம்மோனியாவின் நெடி திரையில் அடிக்குமா? அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்று என்று கையைப் பிடித்துத் திருத்துமா? நாளை சிப்காட் ஆலையில் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைக்கு அந்த ஒரு பழக்கம் முகத்தையும் கண்ணையும் காப்பாற்றும். பணக்காரப் பள்ளிகள் திரையை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டனவா? இல்லையே!

நாம் செய்ய வேண்டியவை

நம் கோரிக்கைகள் தெளிவானவை. காலியாக உள்ள ரசாயன ஆசிரியர் இடங்கள் அனைத்தையும் நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும்; ஆண்டுதோறும் தவறாமல் நியமனம் நடக்க வேண்டும். தற்காலிக ஆசிரியர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் தர வேண்டும். ஒவ்வொரு அரசு உயர்நிலைப் பள்ளியிலும் தண்ணீரும் காற்றோட்டமும் உள்ள ஆய்வுக்கூடமும் அதற்கொரு உதவியாளரும் வேண்டும். கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு கல்வியியல் கல்லூரி திறக்க வேண்டும். எம்.எஸ்ஸி., பி.எட். படிக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாத உதவித்தொகையை நீட்டிக்க வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் எதுவும் நடக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை என்று சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலியில் காண்ட்ராக்டர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்துகொள்ள நாம் ஏன் விட வேண்டும்? சங்கத் தோழர்களும் அவர்களின் வீட்டுப் பெண்களும் அதில் சேருங்கள். பள்ளிக்குப் போய் நேரில் பாருங்கள். ரசாயன ஆசிரியர் இருக்கிறாரா, நிரந்தரமா, தற்காலிகமா? ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா, பழைய பெஞ்சுகளைப் போட்டு அடைத்திருக்கிறதா? அமிலப் புட்டி எந்த வருஷம் வந்தது? பிள்ளைகள் கடைசியாக எப்போது கையால் செய்து பார்த்தார்கள்? பதிலை எழுதிக்கொண்டு கிராம சபையில் வாசியுங்கள், தீர்மானம் போடுங்கள். அதைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சங்கக் கட்டடங்கள் மாலையில் பூட்டிக் கிடக்க வேண்டியதில்லை. வேலைக்குக் காத்திருக்கும் ரசாயனப் பட்டதாரிகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை அழையுங்கள். வாரத்துக்கு இரண்டு மாலை பிள்ளைகளுக்குப் பாடம். மாதத்துக்கு ஒரு நாள் பெரியவர்களுக்குப் பூச்சிமருந்தும் ஆலை வாயுவும் பற்றிய பாடம். ஆனால் இதைக் காட்டிச் சர்க்கார் தன் பொறுப்பிலிருந்து நழுவ இடம் கொடுக்கக் கூடாது. தொண்டு ஒரு கையில் இருக்கட்டும். போராட்டம் மறு கையில் இருக்கட்டும்.

அண்ணாமலை நகரிலும் தேவனாம்பட்டினத்திலும் ரசாயனம் படித்துக்கொண்டிருக்கும் இளம் தோழர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். பள்ளி ஆசிரியராக விரும்புவது கம்பெனி வேலை கிடைக்காதவரின் ஆசை என்று யாராவது ஏளனம் செய்தால் தலை குனியாதீர்கள். டால்டனும் மெண்டலீவும் பார்த்த வேலை அது. உங்களைப் படிக்கவைத்த நாற்றங்காலையும் தறியையும் மறவாதீர்கள். உங்கள் வேலைக்கான போராட்டத்தில் ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் உங்கள் பக்கம் நிற்பார்கள். அவர்களுடைய கூலிப் போராட்டத்தில் நீங்களும் அவர்கள் பக்கம் நில்லுங்கள்.

விஷத்தை நம் தெருவுக்கு அனுப்பத் தெரிந்தவர்கள், அதை அடையாளம் காட்டும் அறிவை மட்டும் தங்கள் பிள்ளைகளுக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறிவு நமக்கும் வேண்டும். அதைக் கற்பிக்கும் ஆசிரியர் நம் பள்ளியில் வேண்டும். அவர் நம் வீட்டிலிருந்தே வரவேண்டும். அதற்கான இயக்கத்தை அடுத்த கிராம சபையிலேயே தொடங்குவோம்!